தினசரி வண்டி – 12: ஃபேரிங் வேறு, குனிவு வேறு

போன வாரம் ஹேண்டில்பாரில் நிறுத்தினோம். யமஹா ஆர்15 இந்தியாவுக்கு வந்த கதை அதற்கும் முந்தைய வாரங்களில் முடிந்தது. திரும்பச் சொல்வதாக இல்லை. இந்த வாரம் செலவுக் கணக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ‘ஃபுல் ஃபேரிங் வண்டி ரேஸுக்குப் பிறந்தது, ஆபீஸுக்கு ஆகாது’ என்ற வாதத்துக்குப் பதில் தேடும்போது 1958ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வண்டி ஒன்று குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பர்மிங்ஹாமின் செல்லி ஓக்கில் இருந்த ஏரியல் நிறுவனம் அந்த ஆண்டு ‘லீடர்’ என்ற வண்டியை இறக்கியது. வடிவமைத்தவர் வால் பேஜ். 250 சிசி வகுப்பு, டூ-ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர். இன்ஜின் வெளியே தெரியாது. சுற்றிலும் தகடு போட்டு மூடியிருந்தார்கள். முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, சேறு தெறிக்காமல் கால்களுக்கு மறைப்பு, செயினுக்கு முழு மூடி. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது பொய் டேங்க். அதன் மூடியைத் தூக்கினால் உள்ளே சாமான் வைக்க இடம். கடிகாரம், இண்டிகேட்டர், பக்கப் பெட்டிகள் எல்லாம் தனிக் காசுக்குக் கிடைத்தன. இந்த ஏற்பாடு யாருக்காக? ரேஸ்காரருக்காக அல்ல. மழை ஓயாத ஊரில், கோட்டு அழுக்காகாமல் வேலைக்குப் போய்ச் சேர வேண்டியவருக்காக. ஆனால் உண்மையான வேடிக்கை அடுத்த ஆண்டு நடந்தது. அதே இன்ஜினையும் அதே சட்டத்தையும் வைத்துக்கொண்டு, மூடியிருந்த தகடுகளைக் கழற்றிவிட்டு, ‘ஏரோ’ என்ற பெயரில் விலை குறைத்து விற்றார்கள். அதுதான் இளைஞர்களின் ஸ்போர்ட்ஸ் வண்டியானது. 1960இல் ஐல் ஆஃப் மேன் டிடியின் 250 பிரிவில் ஏழாவதாகவும் வந்தது. மூடிய வண்டி ஆபீஸுக்கு, திறந்த வண்டி வேகத்துக்கு. இன்று நம் ஷோரூமில் நிற்கும் வரிசையை அப்படியே தலைகீழாக்கிப் பார்த்தால் அன்றைய செல்லி ஓக்.

இது எப்படித் திரும்பியது என்பதற்கு ரேஸ் பக்கத்தில் ஒரு காரணம் உண்டு. ஐம்பதுகளின் கிராண்ட் பிரி வண்டிகள் முன் சக்கரத்தையும் சேர்த்து மூடும் பெரிய கூட்டைப் போட்டுக்கொண்டு ஓடின. மோட்டோ கூட்ஸி தன் மாண்டெல்லோ தொழிற்சாலையில் சொந்தமாகக் காற்றுச் சுரங்கமே கட்டி அந்தக் கூடுகளை வடித்தது. பக்கக் காற்று அடித்தால் வண்டியையே தள்ளிவிடும் என்பதால், 1958 சீசனிலிருந்து சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அவற்றைத் தடை செய்தது. முன் சக்கரத்தை வெளியே விட்டு, மீதியை மூடும் இன்றைய வடிவம் அந்தத் தடைக்குப் பிறகு நிலைபெற்றது. 1985இல் சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது ஃபேரிங் என்றால் ரேஸ் என்ற எண்ணம் கெட்டிப்பட்டது. ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1976இல், பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் முழு ஃபேரிங்குடன் விற்பனைக்கு வந்துவிட்டது. பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் பார்த்துப் பார்த்துச் செய்த அந்தக் கவசம், நெடுந்தூரம் போகிறவர் களைப்பில்லாமல் போய்ச் சேர்வதற்கானது. ஆக ஃபேரிங்குக்கு வம்சாவளி இரண்டு: ஒன்று பந்தயத்துக்கு, மற்றது பயணிக்கு. நம் சந்தைக்கு வந்தது முதலாவதன் பேரப்பிள்ளை. ‘ஆபீஸுக்கு ஆகாது’ என்பவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தையே குறை சொல்கிறார்கள்.

என் வாதம் இதுதான். தினமும் ஓட்டுகிறவரின் மணிக்கட்டையும் முதுகையும் வலிக்கவைப்பது பிளாஸ்டிக் அல்ல, கிளிப்-ஆன் எனும் தாழ்ந்த ஹேண்டில். இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்தே வருவதால் பழி ஃபேரிங் மேல் விழுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நம்மூரிலேயே ஒரு சான்று கிடைத்தது: 2015இல் வந்த சுஸுகி ஜிக்ஸர் எஸ்எஃப். ஃபேரிங் இல்லாத ஜிக்ஸரின் இன்ஜின், சட்டம், ஒற்றைக்குழாய் ஹேண்டில்பார் எதையும் மாற்றாமல் மேலே கவசத்தை மட்டும் போர்த்தினார்கள். எடை 135 கிலோவிலிருந்து 139 ஆனது, அவ்வளவே. உட்காரும் வாட்டம் மாறவில்லை. ஆகவே சாதா ஜிக்ஸரில் வராத முதுகுவலி எஸ்எஃப்பில் புதிதாக வரக் காரணமில்லை. மறுபக்கம் ஆர்15ஐப் பாருங்கள். 2008இன் முதல் வண்டியில் சீட் உயரம் 790 மிமீ. 2018இன் மூன்றாம் பதிப்பில் 815. சீட் ஏறியது, ஹேண்டில் இறங்கியது, குனிவு கூடியது. இரண்டு வண்டியிலும் ஃபேரிங் இருந்தது. கூடியது குனிவுதான்.

‘முட்டியால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் கையில் பாரம் விழாது, ஓட்டத் தெரியாதவர்தான் வலி என்பார்’ என்று ஒரு பதில் வரும். பாதி உண்மை. நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறில் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கி உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். குனிந்த வாட்டம் அங்கே பொருந்துகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறும். அதைச் சமாளிக்க வேண்டிய சக்தி மும்மடிக்கு. நிமிர்ந்து உட்கார்ந்தவர் 40 கிமீ வேகத்தில் காற்றைக் கிழிக்க ஒரு குதிரைசக்திகூட வேண்டாம்; 100இல் ஏறக்குறைய பத்து வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் நகரும் சாலையில் தாங்கிக்கொள்ளக் காற்று ஏது? ஸ்பீடு பிரேக்கருக்கு முன் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் இடுப்புக்கு மேல் உள்ள எடை முழுதும் உள்ளங்கையின் அடிமேட்டில் வந்து உட்காரும். அந்த நேரம் பார்த்து நான்கு விரல்கள் கிளட்ச்சையும் பிரேக்கையும் இழுத்துக்கொண்டிருக்கும். முட்டி இறுக்கம் அரை மணி நேரம் உதவும். மாலை டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் இறுக்கிக்கொண்டே போகும் தொடை யாரிடம் இருக்கிறது? இதே கணக்கு ஃபேரிங்குக்கு எதிராகவும் பேசுகிறது, மறைப்பானேன். நாற்பதில் போகும் வண்டிக்குக் காற்றைக் கிழிக்கும் கவசத்தால் லாபம் எதுவும் இல்லை. மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

வேறு இரண்டு புகார்களில் நியாயம் இருக்கிறது. ஒன்று, யூ-டர்ன். கிளிப்-ஆன் டேங்கை ஒட்டி இருப்பதால் ஹேண்டிலை முழுக்க ஒடித்தால் கட்டைவிரல் டேங்குக்கும் பிடிக்கும் நடுவே மாட்டும். அதற்கு முன்பே நிற்கும்படி திருப்பத்தைக் குறைத்துதான் வடிவமைப்பார்கள். குறுகிய தெருவில் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் காலை ஊன்றிப் பின்னால் தள்ள வேண்டியது வரும். இதிலும் முதல் குற்றவாளி கிளிப்-ஆன்தான். இன்னொன்று, சூடு. ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கினால் அந்தக் காற்று எங்கேயாவது போக வேண்டும். மே மாத சிக்னலில் அது முழங்காலுக்குத்தான் போகிறது. இதில் மட்டும் ஃபேரிங்குக்குப் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

இனி வாக்குக் கொடுத்த கணக்கில் ஒரு துண்டாவது. வண்டி நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலே சாதா பைக்கில் லீவரும் இண்டிகேட்டரும் போகும்; ஃபேரிங் வண்டியில் பக்கப் பேனலும் சேரும். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று பெரும்பாலோர் நிம்மதியாக இருக்கிறார்கள். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் உலோகப் பாகங்களுக்கு முதல் ஆறு மாதம் தேய்மானமே கழிக்கமாட்டார்கள். பிறகு வயதுக்குத் தக்கபடி படிப்படியாகக் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலானுக்கு அந்தச் சலுகை கிடையாது. வண்டி ஷோரூமை விட்டு வந்து ஒரு வாரமே ஆகியிருந்தாலும் 50 சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் அதுவும் இல்லை. வெளிப்புறம் முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கும் வண்டிக்கு இந்த ஒரு விதி எவ்வளவு கனம் என்று யோசியுங்கள். ‘ஜீரோ டெப்’ எனப்படும் கூடுதல் காப்பீடு மற்ற பைக்குகளுக்கு விருப்பம். ஃபுல் ஃபேரிங் வண்டிக்கு முதல் சில ஆண்டுகளாவது கட்டாயம் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். வாங்கும்போது ஆன்-ரோடு விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

‘இவ்வளவு குறை சொல்லிவிட்டு எதற்கு இந்த வண்டி?’ என்பது கடைசி ஆட்சேபம். அந்த விலையில் பிளாஸ்டிக்குக்கு அடியில் கிடைப்பதற்காக. இன்றைய ஆர்15இல் 155 சிசி, லிக்விட் கூலிங், ஆறு கியர், 10,000 ஆர்பிஎம்மில் 18.4 பிஎஸ். இன்டேக் வால்வுக்கு இரண்டு கேம். 7,400 ஆர்பிஎம் வரை ஒன்று, அதற்கு மேல் மற்றது. நகரத்தில் ஓட்டுகிறவர் அந்த எல்லையைத் தாண்டுவது அபூர்வம். கீழ் கேமின் இழுவையிலேயே நாள் ஓடிவிடும். அசிஸ்ட் கிளட்ச் இருப்பதால் லீவர் லேசு. ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் இடது கை அதை உணரும். நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு நாற்பதை ஒட்டிக் கொடுக்கும். தினசரி ஓட்டத்துக்கு இந்த இன்ஜின் உகந்தது, இந்த ஹேண்டில் உகந்ததல்ல. ஆகவே ஷோரூமில் ஸ்பெக் ஷீட்டைப் பார்க்கும் நேரத்தைக் குறைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள். கையை எடுத்ததும் உடம்பு தானாக முன்னால் சரிந்தால், தினமும் அந்தப் பாரத்தைச் சுமக்கப் போவது உங்கள் மணிக்கட்டு.

சர்வீஸ் கூலி பாக்கி இருக்கிறது. பின் சீட்டும் பாக்கி. இரண்டாகப் பிளந்த சீட்டோடு ஆர்15ஐ விற்ற யமஹா, 2015இல் ஒரே நீள சீட் வைத்த ஆர்15எஸ்ஸைக் கொண்டுவந்தது. மூன்றாம் பதிப்பிலும் 2021இல் அதையே திரும்பச் செய்தது. ரேஸ் வண்டியின் வால்பகுதியை ஒரு கம்பெனி இரண்டு முறை மாற்றியது யாருக்காக என்பதற்கும், பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பாதிச் சக்கரமாவது மூடியிருக்க வேண்டும் என்ற மத்திய மோட்டார் வாகன விதி 123க்கும் சேர்த்து அடுத்த வாரம் இடம் ஒதுக்கியிருக்கிறேன். செலவுக் கணக்கின் மீதியும் அதிலேயே வரும், ஏரியல் மாதிரி வேறெதுவும் குறுக்கே வராவிட்டால்.