வாய்க்குள் வளரும் குஞ்சுகள்

குற்றாலத்தில் சாரற்காலம் தொடங்கியதும் அருவிகளில் நீர் பெருகி வீழ்கின்றது. பாறைகளில் மோதிச் சிதறும் அந்நீர் சிற்றாறாக உருவெடுத்துத் தென்காசியைக் கடந்து கிழக்கே செல்கின்றது. வழியிலுள்ள அணைக்கட்டுகள் அதனைக் கால்வாய்களில் திருப்பிப் பாசனக் குளங்களை நிரப்புகின்றன. எஞ்சிய நீர் சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகின்றது. இந்நீர் வழியின் இடையே உள்ள குளங்களில் ஒரு மீனும், முடிவிலுள்ள கடலில் வேறொரு மீனும் வியத்தகு வழக்கமொன்றை உடையனவாய் வாழ்கின்றன. அவை தம் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கின்றன.

மீன்களுள் பெரும்பாலானவை முட்டையிட்டபின் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ரோகு, கட்லா முதலிய பெருங்கெண்டைகள் புதுவெள்ளம் வருங்காலத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை நீரில் விட்டுச் சென்றுவிடும். அவற்றுள் பெரும்பகுதி பிற உயிர்களுக்கு இரையாகும். மிகச் சிலவே பிழைக்கும். விரால் அவ்வாறன்று. செந்நிறக் குஞ்சுகளின் கூட்டத்திற்குக் காவலாய் நின்று, நெருங்கும் மீனைச் சீறி விரட்டும். குளக்கரைச் சிறுவர் இதனை நன்கு அறிவர். வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பது இதனினும் உறுதியான காவலாகும்.

குளத்தில் வாழும் மீனுக்கு ஜிலேபிக் கெண்டை என்பது பெயர். ஜிலேபி என்னும் இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. திலாப்பியா என்ற அயற்பெயர் மக்கள் நாவில் இவ்வாறு மருவியது போலும். உண்மையில் இது கெண்டை இனத்தைச் சேர்ந்ததும் அன்று. இதன் தாயகம் தென்கிழக்கு ஆப்பிரிக்காவாகும்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன் குளத்தின் அடிமண்ணை வாயால் அள்ளி அகற்றித் தட்டுப் போன்ற வட்டக்குழி ஒன்றை அமைக்கின்றது. பெண்மீன் அக்குழியில் முட்டையிட்டு, உடனே அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு அவ்விடத்தை விட்டு அகன்றுவிடுகின்றது. குழியைத் தோண்டிய ஆணோ மற்றொரு பெண்மீனின் வரவுக்காக அங்கேயே காத்திருக்கும்! பின்னர் வருகின்ற பொறுப்பு முழுவதும் தாயினுடையதே.

வாயிலுள்ள முட்டைகள் சில நூறு இருக்கும்; பெரிய மீனாயின் ஆயிரத்தையும் கடக்கும். தாய்மீன் தாடையை இடைவிடாது அசைத்து அவற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கின்றது. அதனால் ஒவ்வொரு முட்டையின்மீதும் புதுநீர் பாய்கின்றது. அழுக்கும் பூசணமும் சேர்வதில்லை. மூன்று முதல் ஐந்து நாள்களில் குஞ்சுகள் வெளிப்படும். ஆயினும் அவை உடனே வெளியே விடப்படுவதில்லை. தம் வயிற்றிலுள்ள மஞ்சட்கரு தீரும்வரை, மேலும் ஒரு வாரத்துக்குக் குறையாமல், தாயின் வாயிலேயே தங்குகின்றன. அத்தனை நாளும் தாய் பெரும்பாலும் உணவின்றியே இருக்கும். பின்பு வெளிவரும் குஞ்சுகள் தாயின் தலையைச் சுற்றி ஒரு மேகம்போல் மிதக்கும். பகைமீனின் நிழல் தென்பட்டால் தாய் வாயைத் திறக்கும். குஞ்சுகள் அனைத்தும் விரைந்து அதனுள் புகும்.

இத்துணைச் சிறந்த காவலே தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஒரு தொல்லைக்கும் காரணமாயிற்று. எளிய மக்களுக்கு மலிவான உணவு கிடைக்கும் என்ற நல்லெண்ணத்தால் 1952ஆம் ஆண்டில் இம்மீன் இலங்கையிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பிறந்து மூன்று திங்களில் இனம் பெருக்கத் தொடங்கி, ஆண்டில் பலமுறை குஞ்சுகளை வெளியிடும் இம்மீன் குளங்களை விரைவில் நிறைத்துவிட்டது. நெருக்கத்தால் அவை உள்ளங்கை அளவுக்குமேல் வளர்வதும் அரிதாயிற்று. 1959இல் இதனைப் பரப்பலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. எனினும் வாய்நிறையக் குஞ்சுகளோடு ஒரு தாய்மீன் மதகின் வழியே அடுத்த குளத்தில் புகுந்தால், ஒரு குடும்பமே அங்குக் குடியேறியதாகும். தடை அதற்குத் தெரியுமா? தாமிரபரணிப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழாத சிறு கெண்டை ஒன்று உண்டு. அவ்வாற்றின் பெயரையே அறிவியலார் அதற்குச் சூட்டியுள்ளனர். அத்தகைய உள்நாட்டு மீன்கள் இன்று உணவுக்கும் இடத்துக்கும் இவ்வந்தேறியோடு போட்டியிட வேண்டியுள்ளது. ஆயினும் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மீன் என்பதால் இதனை விரும்பி வாங்குவோரும் பலராவர்.

கடலில் வாழும் கெளுத்தியின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே முட்டைகளைச் சுமப்பது தந்தை. ஒவ்வொரு முட்டையும் கோலிக்குண்டு போன்று பெரிதாதலின், ஒரு வாயில் சில பத்து முட்டைகளே அடங்கும். அவை பொரிந்து குஞ்சுகள் நீந்தும்வரை வாரக்கணக்கில் ஆண்மீன் பட்டினி கிடக்கின்றது. பகைமீனிடமிருந்து குஞ்சுகளைக் காக்கும் அவ்வாய், மனிதரின் வலைமுன் பயன்படுவதில்லை. 1980களில் கருநாடகக் கடற்கரையில் முட்டைகளைச் சுமந்த ஆண்கெளுத்திகள் கூட்டங்கூட்டமாகச் சுற்றுவலைகளில் அகப்பட்டன. பின்னர் அங்கே கெளுத்தியின் வளம் பெரிதும் குன்றியது. வலையை மேலே இழுக்கும்போது மீன் வாயைத் திறந்துவிடும். வாரக்கணக்கில் அது காத்த முட்டைகள் படகின் தளத்தில் உருண்டோடும்.