ரயில் வராத ஊர்

சென்ற வாரம் மினசோட்டாவில் வெட்டுக்கிளிகளிடம் கோதுமையைப் பறிகொடுத்து நின்ற சார்லஸ் இங்கால்ஸைப் பார்த்தோம். 1879-ல் அவர் டகோட்டா பிரதேசத்துக்குப் போனார். நிலம் கிடைக்கும் என்ற ஆசை ஒரு பக்கம். ரயில் பாதை போடும் முகாமில் கணக்கு எழுதும் வேலை இன்னொரு பக்கம். அந்த வேலையை மறந்துவிட வேண்டாம். அவருடைய மகள் லாரா இங்கால்ஸ் வைல்டர் 1940-ல் எழுதிய ‘நீண்ட குளிர்காலம்’ நாவலைப் படித்தவர்களுக்குப் பனிப்புயல்தான் நினைவில் நிற்கும். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் ஊர் கிடந்த பட்டினியில் ரயிலுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

டி ஸ்மெட் என்ற அந்த ஊர் 1880-ல்தான் முளைத்தது. ‘சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன்’ கம்பெனியின் தண்டவாளம் எந்த வழியாகப் போனதோ, அந்த வழியில் வரிசையாக முளைத்த ஊர்களில் அதுவும் ஒன்று. சுற்றிலும் புல்வெளி, விறகுக்கு மரம் கிடையாது. நிலக்கரி, மண்ணெண்ணெய், மாவு, உப்புக்கண்டம் எல்லாமே கிழக்கிலிருந்து ரயிலில் வர வேண்டும். குடியேறியவர்களில் பலர் அந்த ஆண்டுதான் வந்திருந்தார்கள். புல்லின் வேர் பின்னிக் கிடந்த மண்ணை முதல் தடவையாக உழுதவர்களுக்குக் குதிரில் கொட்டிவைக்க என்ன விளைந்திருக்கும்? ஒரே ஒரு பாதையை நம்பி ஒரு ஊரையே குடியேற்றியாகிவிட்டது.

அக்டோபர் நடுவிலேயே முதல் பனிப்புயல் அடித்தது. அதற்குப் பிறகு புயல்கள் ஓயவில்லை. பார்பரா மேயஸ் பூஸ்டெட் என்ற வானிலை ஆய்வாளர் பழைய பதிவுகளைக் கொண்டு அந்தக் குளிர்காலத்தின் கடுமையைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார். அந்த வட்டாரத்தின் மிகக் கொடிய குளிர்காலங்களில் 1880-81 ஒன்று என்பது உறுதியாகியிருக்கிறது. லாரா மிகைப்படுத்தவில்லை.

ரயில் எப்படி நின்றது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேடான இடங்களில் மண்ணை வெட்டிப் பள்ளமாக்கி அதில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். சமவெளியில் காற்று அடித்துக்கொண்டுவரும் பனி அந்தப் பள்ளங்களில் வந்து நிரம்பியது. ஆட்கள் மண்வாரியால் அள்ளி இரு பக்கமும் வீசினார்கள். அப்படி வீசியதாலேயே கரை உயர்ந்தது. கரை உயர்ந்ததால் அடுத்த புயலில் பள்ளம் இன்னும் ஆழமாக நிரம்பியது. பனி இறுகிக் கல்லான பிறகு, முன்னால் கலப்பை பூட்டிய எஞ்சினைக் கொண்டு மோதினாலும் நகரவில்லை. சுழன்று வெட்டும் பனிக்கலப்பை புழக்கத்துக்கு வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. 1881 மார்ச் கடைசியில் தெற்கு மினசோட்டாவில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. எஞ்சினுக்கு இரு பக்கமும் அதைவிட உயரமான பனிச்சுவர்கள். ரயிலின் மேல் ஏறி நிற்கும் மனிதர்கள் சின்னஞ்சிறு உருவங்களாகத் தெரிகிறார்கள். ஜனவரியில் டி ஸ்மெட்டுக்கு நின்ற ரயில் மே மாதம்தான் திரும்ப வந்தது. இடையில் தந்தி வந்துகொண்டிருந்தது, மாவு வரவில்லை.

இங்கால்ஸ் குடும்பம் ஊருக்குள் சார்லஸ் கட்டியிருந்த கடைக் கட்டடத்தில் தங்கியது. நிலக்கரி தீர்ந்ததும் காய்ந்த புல்லைப் புரியாக முறுக்கி அடுப்பில் போட்டார்கள். புல் சட்டென்று எரிந்துவிடும் என்பதால் யாராவது ஒருவர் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு தீர்ந்ததும் காப்பிக்கொட்டை அரைக்கும் சின்னக் கை மிஷினில் கோதுமையைப் போட்டு அரைத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கான அன்றைய ரொட்டிக்கு அன்றைக்கே அரைத்தாக வேண்டும்.

அந்தக் கோதுமையும் தீர்ந்துகொண்டிருந்தபோதுதான் ஊர் இளைஞர்களான அல்மான்ஸோ வைல்டரும் கேப் கார்லண்டும் புறப்பட்டார்கள். ஊருக்கு வெளியே எங்கேயோ குடியேறிய ஒருவரிடம் கோதுமை இருப்பதாகக் கேள்விப்பட்டு, பனிச்சறுக்கு வண்டிகளில் போய் அவருடைய விதைக் கோதுமையைப் பேசி வாங்கிவந்தார்கள். வழியில் புயல் பிடித்திருந்தால் இருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். இது கற்பனையல்ல. அல்மான்ஸோவைத்தான் லாரா பின்னாளில் மணந்தார்.

ஆனால் நாவலில் இல்லாத மூன்று பேர் உண்டு. ஜார்ஜ் மாஸ்டர்ஸ், அவர் மனைவி மேகி, அவர்களுடைய கைக்குழந்தை. அந்தக் குளிர்காலம் முழுக்க இவர்கள் இங்கால்ஸ் வீட்டிலேயே இருந்தார்கள். ஜார்ஜ் வேலையில் கைகொடுக்கவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் முந்திக்கொண்டார் என்ற மனத்தாங்கல் லாராவுக்குக் கடைசிவரை இருந்தது. இவர்கள் வந்தால் கதை கெட்டுவிடும் என்று நினைத்து எடுத்துவிட்டார். 2014-ல் அச்சான அவருடைய தன்வரலாற்றுக் கைப்பிரதியில் இவர்கள் இருக்கிறார்கள்.

நாவலாசிரியராக லாரா செய்தது சரி. ஒரு வீடு, ஒரு விளக்கு, வெளியே புயல் என்ற அந்த இறுக்கம் வேறு எப்படியும் கிடைத்திருக்காது. ஆனால் அந்த நீக்கத்தால், தன் கையை மட்டுமே நம்பிப் பிழைத்த தனிக்குடும்பம் என்ற சித்திரம் வாசகர் மனதில் பதிந்துவிட்டது. எனக்கு மாஸ்டர்ஸ் குடும்பம் இருக்கும் வீடுதான் மேலானதாகப் படுகிறது. பிடிக்காத விருந்தாளிக்கும் அளந்து அளந்து ரொட்டி போட்ட லாராவின் தாய் கரோலின் இங்கால்ஸின் பொறுமை அந்த வீட்டில்தான் தெரிகிறது.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. வரப்போகும் புயல்களைப் பற்றி ஊராரை எச்சரிக்கும் ஒரு முதிய பழங்குடி மனிதர் நாவலில் வருகிறார். அவருடைய மக்களிடமிருந்து நிலம் எப்படிக் கைமாறி ஆளுக்கு 160 ஏக்கராகப் பிரிந்தது என்பதை நாவல் பேசுவதில்லை. அதற்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

வசந்தம் வந்ததும் அவ்வளவு பனியும் உருகத் தொடங்கியது. மிசௌரி ஆற்றில் பனிக்கட்டிகள் அணைபோல அடைத்துக்கொள்ள, வெள்ளம் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. வெர்மிலியன் ஊரின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. மிஞ்சியவர்கள் மேட்டின் மேல் ஏறிப் புதிதாக ஊர் கட்டினார்கள். அந்த வெள்ளத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)