மலை மேல் ஒரு நாற்காலி

உதகமண்டலத்துக்குப் போகிறவர்கள் தாவரவியல் பூங்காவைப் பார்க்கிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள். வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். கடைத்தெருவில் நிலைக்கண்ணாடிக்கு முன் போட்டிருக்கும் சுழல் நாற்காலியை ஒருவரும் கவனிப்பதில்லை. ஆனால் சலூன் வைக்கப் புறப்படும் ஓர் இளைஞருக்கு அந்த நாற்காலிதான் சிம்மாசனம்.

சிம்மாசனம் என்பது மிகையன்று. சமவெளிக் கிராமங்களில் அவருடைய பாட்டனார் கத்திப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர். தாழ்வாரத்திலோ புறக்கடையிலோ காத்திருக்க வேண்டும். கூலி அன்றைக்கன்று கிடையாது. அறுவடையின்போது களத்தில் நெல்லாக அளப்பார்கள். அளக்கிறவர் மனசு எப்படியோ, மரக்காலும் அப்படி! இத்தனைக்கும் கட்டி கீறி, புண் ஆற்றி, வைத்தியம் பார்த்தவர்களும் அந்தச் சமூகத்தாரே. பிரசவம் பார்த்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். 'மருத்துவர்' என்ற பெயர் சும்மா வரவில்லை. இன்னாருக்கு முடி வெட்டலாம், இன்னாருக்கு வெட்டக்கூடாது என்று தீர்மானித்ததும் ஊர்தான். கத்தி பிடித்தவர் அல்ல.

சலூன் இதைத் தலைகீழாக்கியது. இங்கே வாடிக்கைக்காரர் தேடி வருகிறார்; முறைக்குக் காத்திருக்கிறார்; காசை உடனே கொடுக்கிறார். நீலகிரியின் நகரங்களோ புதியவை. ஸல்லிவன் துரை உதகையில் வீடு கட்டியது 1820-களில். ரயில் அங்கே ஏறியது 1908-இல். வெலிங்டன் படைவீரர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர், படுகர், 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று பலரும் கூடிய இடம். ஒரே நாற்காலியில் இத்தனை பேரும் மாறி மாறி உட்காருவது சாதாரண சங்கதியா?

சரி, கடை வைப்பது எப்படி? கத்தரிக்கோல், சீப்பு, மெஷின், கண்ணாடி எல்லாம் வாங்கிவிடலாம். முன்பணம்தான் ஆளை அசைத்துவிடும். மலையில் கட்டடம் கட்டக் கட்டுப்பாடுகள் அதிகம். ஆகையால் கடைத்தெருவில் ஓர் அறை கிடைப்பதே அதிர்ஷ்டம். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில், ஈடு கேளாமல் 50,000 ரூபாய் வரை வங்கிக் கடன் உண்டு. நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் அது உதவும். முன்பணத்துக்கு வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகாதிருந்தால் நல்லது.

இன்னொரு செலவு, வெந்நீர். மார்கழிக் காலையில் உதகையில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும்போது, பச்சைத் தண்ணீரைக் கன்னத்தில் தடவினால் வாடிக்கைக்காரர் மறுபடி வருவாரா? பிளேடு விஷயத்தில் சிக்கனமே கூடாது. முன்பெல்லாம் ஒரே கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி எல்லாருக்கும் சவரம் செய்தார்கள். 1986-இல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி கண்டறியப்பட்ட பின்பு பயம் பரவியது. ஆளுக்கொரு பாதி பிளேடு என்ற வழக்கமும் வேரூன்றியது. உறையைக் கண்ணெதிரில் பிரிப்பதே பெரிய விளம்பரம்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களுக்கு விடுமுறை. அன்று நிற்க நேரமிராது. செவ்வாய்க்கிழமை கடைக்கே விடுமுறை. ஆடி மழையில் ஈ ஓட்டவும் ஈ கிடையாது. வந்த இரண்டொருவரும் மழை விடும் வரை பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார்கள். தூத்துக்குடியில் பொன்.மாரியப்பன் என்பவர் தம் சலூனில் ஒரு நூலகமே வைத்து, படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் கொடுக்கிறார். மழை குறைந்த அந்த ஊரிலேயே புத்தகம் செல்லுமானால், குன்னூரில் ஓர் அலமாரி வைத்துப் பார்க்கலாமே!