ஒரு ஜன்னலை மாத்தினதுக்கு ஜெயிலா? இங்கிலாந்து கிராமங்களும் ‘லிஸ்டட்’ வீடுகளும்

இன்னைக்கு எபிசோட் ரெண்டு ஜன்னலைப் பத்தி. ஒண்ணு, போட்டோகிராஃபி வரலாற்றுல இடம் பிடிச்ச ஜன்னல். இன்னொண்ணு, என் காலேஜ் சீனியரை ஒரு வருஷம் நிம்மதியா தூங்க விடாத ஜன்னல். ரெண்டும் இங்கிலாந்துல வில்ட்ஷயர் மாவட்டத்துலதான் இருக்கு.

போன வருஷம் ஆபீஸ் வேலையா மூணு மாசம் அங்க இருந்தேன். சீனியர் அண்ணா அந்தப் பக்கம் ஒரு சின்ன கிராமத்துல வீடு வாங்கியிருந்தார். சனிக்கிழமை போனதும், “வாடா, முதல்ல உனக்கு லேகாக் காட்டுறேன். அப்புறம் என் வீட்டுக் கதையைச் சொல்றேன்”னு காரை எடுத்துட்டார்.

லேகாக் ரொம்பச் சின்ன கிராமம். நாலு தெரு, சதுரம் மாதிரி. கல் வீடு, செங்கல் வீடு, மரச்சட்டத்துக்கு நடுவுல குச்சி பின்னி மண் பூசின வீடு எல்லாம் ஒட்டி ஒட்டி நிக்கும். 14ஆம் நூற்றாண்டுத் தானியக் கிடங்கு ஒண்ணு இருக்கு. குடிச்சிட்டு ரகளை பண்றவங்களை ராத்திரி அடைச்சு வைக்க கட்டின, தலைக்கு மேல குவிமாடம் வெச்ச குட்டி ஜெயிலும் இருக்கு. மேல பாத்தா கரண்ட் கம்பி இல்லை, டிவி ஆன்டெனா இல்லை. பிபிசி 1995ல ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ சீரியலை இங்க எடுத்ததுக்குக் காரணம் அதுதான். ஹாரி பாட்டர் படத்துல வர்ற சில தாழ்வாரங்களும் இந்த ஊர் மடத்துலதான் எடுத்தாங்க.

அந்த மடம் 1232ல எலான்னு ஒரு கோமாட்டி ஆரம்பிச்ச கன்னியர் மடம். எட்டாவது ஹென்றி மடங்களை எல்லாம் மூடினப்போ 1539ல இதுவும் மூடப்பட்டு, தனியார் மாளிகையா மாறிடுச்சு. பிற்பாடு அங்க வாழ்ந்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1835 ஆகஸ்ட்ல, தன் வீட்டு ஜன்னலை ஒரு சின்ன மரப்பெட்டி கேமராவுல படம் பிடிச்சார். இன்னைக்கு மிஞ்சியிருக்கிற கேமரா நெகட்டிவ்லயே பழசு அதுதான். தபால்தலை சைஸ்தான் இருக்கும். அந்த ஜன்னல் இன்னும் அதே இடத்துல இருக்கு. படத்தையும் ஜன்னலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். கிட்டத்தட்ட 190 வருஷம்! நான் எழுதின கோட் 190 நாள் தாங்கினா பார்ட்டி வெப்பேன்.

இது எப்படி அப்படியே நின்னுச்சு? அதிர்ஷ்டம் கொஞ்சம் உண்டு. 1944ல மடில்டா டால்பட், மாளிகையையும் கிராமத்தையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குத் தானமா எழுதிக் கொடுத்துட்டாங்க. அதனால லேகாக்ல பெரும்பாலான வீடுகளுக்கு டிரஸ்ட்தான் ஓனர். குடியிருக்கிறவங்க வாடகைக்கு இருக்காங்க. கூரை ஒழுகினா டிரஸ்ட்டைக் கூப்பிடணும்.

ஆனா எல்லா ஊருக்கும் இப்படி ஒரு மடில்டா கிடைக்க மாட்டாங்க. மத்த ஊர்கள்ல, சொந்த வீட்டுல குடியிருக்கிற சாதாரண ஆளைச் சட்டம்தான் கட்டுப்படுத்துது. அங்கதான் அண்ணாவோட ஜன்னல் வருது.

முதல்ல சட்டம் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன். இரண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து பாதி இடிஞ்சு நிக்கிற கட்டடங்கள்ல எதை இடிக்கலாம், எதைக் காப்பாத்தணும்னு முடிவு பண்ண ஒரு பட்டியல் தேவைப்பட்டுச்சு. அந்த யோசனை 1944, 1947 திட்டமிடல் சட்டங்கள்ல வளர்ந்து, நாடு முழுக்க ஒரே பட்டியலா ஆச்சு. பட்டியல்ல இருக்கிற கட்டடத்தைத்தான் ‘லிஸ்டட்’னு சொல்றாங்க. இப்போ நடைமுறையில இருக்கிறது 1990 சட்டம்.

இங்கிலாந்துல மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் பதிவு இருக்கு. மூணு கிரேடு. கிரேடு ஒன்று 2.5 சதவீதம், லேகாக் மடம் இந்த ரகம். அடுத்தது கிரேடு இரண்டு ஸ்டார், 5.8 சதவீதம். மிச்சம் 91.7 சதவீதமும் கிரேடு இரண்டு. அதாவது பட்டியல்ல பெரும்பகுதி அரண்மனை இல்லை, ஆளுங்க சோறாக்கிச் சாப்பிடுற வீடுகள். 1700க்கு முன்னாடி கட்டி, பழைய பாகங்கள் கணிசமா மிஞ்சியிருந்தா அநேகமா பட்டியலுக்குள்ள வந்துடும். 1700லேர்ந்து 1850 வரைக்கும் கட்டினதுலயும் பெரும்பாலானது வந்துடும்.

இதுல நிறைய பேர் தப்பா நினைக்கிற விஷயம் ரெண்டு.

ஒண்ணு, “வெளிப்பக்கம்தானே, உள்ள என்ன வேணா பண்ணிக்கலாம்.” முடியாது. உள்ளேயும் சேத்துதான் பாதுகாப்பு. மாடிப்படி, கணப்பு, பழைய கதவு எல்லாமே அடக்கம். வீட்டோட சேந்த வளாகத்துல 1948 ஜூலைக்கு முன்னாடிலேர்ந்து இருக்கிற மதில் சுவரும் சில சமயம் இதுல வரும். கிரேடு இரண்டுன்னாலும் இதே விதிதான்.

ரெண்டாவது, “அப்போ எதையுமே மாத்தக் கூடாது.” அதுவும் தப்பு. மாத்தலாம். ஆனா கட்டடத்தோட தன்மையைப் பாதிக்கிற மாற்றம்னா முன்கூட்டியே கவுன்சில்கிட்ட அனுமதி வாங்கணும். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. எங்க பாஷையில சொன்னா, கோடை எடிட் பண்ணத் தடை இல்லை, ரெவ்யூ இல்லாம மெர்ஜ் பண்ணத்தான் தடை. அனுமதி இல்லாம பண்ணினா அது கிரிமினல் குற்றம். அதிகபட்சம் ரெண்டு வருஷம் ஜெயில், அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை.

இப்போ அண்ணா வீடு. கிரேடு இரண்டு, கல் சுவர். வாங்கும்போது முன்பக்கம் பளிச்சுன்னு பிளாஸ்டிக் ஜன்னல், இரட்டைக் கண்ணாடி. “குளிருக்கு நல்லதுதானேன்னு சந்தோஷப்பட்டேன்டா”ன்னார். முதல் குளிர்காலத்துலயே குழந்தை படுக்கிற அறை சுவர்ல கறுப்பு கறுப்பா பூஞ்சை. குழந்தைக்கு இருமல் விடவே இல்லை. அதைச் சரி பண்ண ஆள் கூப்பிடப் போய்தான் தெரிஞ்சது, முந்தின ஓனர் அனுமதி வாங்காமலே ஜன்னலை மாத்தியிருக்கார், வெளிச்சுவர் முழுக்க சிமென்ட்டும் பூசியிருக்கார்.

முந்தின ஓனர் பண்ணின குற்றத்துக்கு அண்ணா ஜெயிலுக்குப் போக வேண்டாம். ஆனா பழையபடி மாத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தா, அது இப்போ யார் ஓனரோ அவருக்குத்தான். லிஸ்டட் கட்டடத்துக்கு இதுல காலக்கெடுவே கிடையாது, இருபது வருஷம் கழிச்சும் வரலாம். யாரோ எழுதிட்டு ரிசைன் பண்ணிப் போன கோட், ராத்திரி மூணு மணிக்கு போன் நமக்கு வர்ற மாதிரி!

சரி, சுவர்ல பூஞ்சை ஏன் வந்துச்சு? இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. இப்போ கட்டுற வீடு தண்ணியை உள்ள விடாம தடுக்கும். அந்தப் பழைய கல் வீடு அப்படி இல்லை. மழை பெஞ்சா சுவர் கொஞ்சம் தண்ணி குடிக்கும், வெயில் காத்துல திரும்ப வெளிய விட்டுடும். சுண்ணாம்புச் சாந்துல கட்டினதால ஈரம் அந்த இடுக்கு வழியா வெளியேறும். மேல சிமென்ட் பூசினா கதவைச் சாத்தின மாதிரி. சின்ன விரிசல் வழியா தண்ணி உள்ள போகும், திரும்பி வர வழி இருக்காது. கல்லுக்குள்ள மாட்டின தண்ணி உறையும்போது விரிஞ்சு கல்லோட முகத்தையே பேத்துடும். உள்ள மர உத்தரம் இருந்தா மக்கிடும். அதோட காத்துப் புகாத ஜன்னலும் சேந்தா, மூச்சு விட, சமைக்க, குளிக்க வர்ற ஈரமும் உள்ளேயே தங்கிடும். நம்ம ஊர்ல சுண்ணாம்புக் காரை வீட்டுல வளந்த தாத்தா பாட்டி இருந்தா கேளுங்க, சுவர் ‘மூச்சு விடும்’னு அவங்களும் சொல்லுவாங்க.

முந்தின ஓனர் கெட்டவர் இல்லை. வீட்டைப் பலப்படுத்தறோம்னு நினைச்சுத்தான் பண்ணியிருப்பார். முன்கூட்டியே கவுன்சில்கிட்ட கேட்டிருந்தா, விஷயம் தெரிஞ்ச ஒருத்தராவது “சிமென்ட் வேண்டாம்”னு சொல்லியிருப்பாங்க. நான் அதுவரைக்கும் இந்த அனுமதி எல்லாம் வெள்ளைக்காரன் அழகுக்காகப் பண்ற பந்தான்னு நினைச்சிருந்தேன். அந்தச் சுவரைப் பாத்ததும் கருத்து மாறிடுச்சு.

ஆனா மறுபக்கமும் இருக்கு. அண்ணா தானே கவுன்சிலுக்கு எழுதினார். அதிகாரி வந்து பாத்து, சுவரைச் சுண்ணாம்புக்கு மாத்தணும், முன்பக்கம் மர ஜன்னல் வைக்கணும்னார். குளிருக்கு உள்பக்கம் தனியா இன்னொரு கண்ணாடிச் சட்டம் போட ஒத்துக்கிட்டார். நியாயம்தான். செலவு? முழுக்க அண்ணாவோடது. அதுக்கு மேல, புது வீடு கட்டினா அங்க வாட் வரி பூஜ்யம், பழைய வீட்டைப் பழுது பாத்தா 20 சதவீதம். அனுமதியோட லிஸ்டட் வீட்டுல பண்ற மாற்றங்களுக்கு இருந்த வரிச்சலுகையையும் 2012 அக்டோபர்ல எடுத்துட்டாங்க. காப்பாத்துன்னு சட்டம் சொல்லுது, இடிச்சுக் கட்டுன்னு வரி சொல்லுது.

“இந்தத் தெருவைப் பாத்து எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்கடா. பில்லு மட்டும் எனக்கு”ன்னு அண்ணா சிரிச்சுக்கிட்டே சொன்னார். சிரிப்பு பாதியிலேயே நின்னுடுச்சு. ஊருக்கே சொந்தமான அழகுக்கு ஒரு குடும்பம் மட்டும் காசு கட்டணுமா? லேகாக்ல அந்தக் கேள்வியை டிரஸ்ட் தாங்கிக்குது. மத்த ஊர்ல வீட்டுக்காரர்தான் தாங்கணும்.

சுவர்ல பாதி வேலை முடிஞ்சிருக்கு. சிமென்ட்டைப் பேத்து எடுத்த பக்கம் இந்தக் குளிர்காலத்துல காய்ஞ்சே இருந்துச்சாம். குழந்தையை அந்தப் பக்க அறைக்கு மாத்திட்டாங்க, இருமல் குறைஞ்சிருக்கு. மிச்சப் பாதிக்கு அண்ணா பணம் சேத்துக்கிட்டு இருக்கார்.

உங்க வீட்டுலயும் காரைச் சுவர் மேல சிமென்ட் பூசி ஈரம் ஏறின கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். வரட்டுமா!