கணினிக்குப் பணம் தருவது யார்?

வீட்டில் விளக்கு எரிகிறது. வயலில் மோட்டார் ஓடுகிறது. பயன்படுத்தும் மின்சாரத்துக்கு மக்கள் கட்டணம் கட்டுகிறார்கள்.

ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை? இதை முடிவு செய்வது யார்? மின் நிறுவனம் தன் விருப்பம் போல விலை வைக்க முடியாது. விலையை முடிவு செய்வதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

ஆணையம் வந்த கதை

இந்தியாவில் முதன்முதலில் இந்த ஆணையத்தை அமைத்த மாநிலம் ஒடிசா. அங்கு 1995இல் சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் ஆணையம் வேலையைத் தொடங்கியது. 1998இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. அதே ஆண்டில் தில்லியில் மத்திய ஆணையம் அமைந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம்.

ஆணையம் ஒரு நடுவரைப் போன்றது. ஒரு பக்கம் மின் நிறுவனம் நிற்கிறது. மறுபக்கம் மக்கள் நிற்கிறார்கள். நிறுவனம் நட்டப்படவும் கூடாது. மக்கள் மீது வீண் சுமை ஏறவும் கூடாது. இருவர் சொல்வதையும் கேட்டு ஆணையம் தீர்ப்புச் சொல்கிறது.

காகிதக் கட்டும் கணினியும்

மின் கட்டணத்தை மாற்ற விரும்பும் நிறுவனம் ஆணையத்திடம் மனுக் கொடுக்க வேண்டும். அந்த மனுவில் பக்கம் பக்கமாகக் கணக்குகள் இருக்கும். முன்பு அவை கட்டுக் கட்டாக அலுவலகத்தில் கிடந்தன. அவற்றைப் படிக்க விரும்பியவர் நேரில் போக வேண்டியிருந்தது. அல்லது பணம் கட்டி நகல் வாங்க வேண்டியிருந்தது.

இன்று பல ஆணையங்கள் மனுக்களையும் தீர்ப்புகளையும் இணையதளத்தில் வெளியிடுகின்றன. 2020இல் கொரோனா நோய் பரவியது. கூட்டம் கூட முடியவில்லை. அப்போது ஆணையங்கள் காணொலி மூலம் விசாரணை நடத்தின. வேலை நின்றுவிடவில்லை.

இவை நல்ல மாற்றங்கள். ஆனால் இவற்றுக்குச் செலவு உண்டு. கணினி வாங்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கணக்குகள் திருட்டுப் போகாமல் காக்க வேண்டும். சில ஆண்டுகளில் கணினி பழசாகிவிடும். மறுபடியும் வாங்க வேண்டும்.

பணம் வரும் வழி

ஆணையத்துக்கு ஒரு நிதி உண்டு. அரசு தரும் மானியமும் கடனும் அதில் சேரும். மனுக் கொடுப்பவர்களும் உரிமம் பெற்ற நிறுவனங்களும் கட்டும் கட்டணங்களும் அதில் சேரும். சம்பளம், கணினி, காகிதம் எல்லாவற்றுக்கும் இந்த நிதியில்தான் செலவு செய்ய வேண்டும்.

நிறுவனம்தானே கட்டுகிறது, மக்களுக்கு என்ன என்று கேட்கலாம். நிறுவனம் அந்தப் பணத்தைத் தன் செலவுக் கணக்கில் எழுதுகிறது. அந்தச் செலவு மின் கட்டணத்தில் சேர்கிறது. மத்திய ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு இடம் தந்தன. மின் உற்பத்தி நிறுவனம் கட்டிய மனுக் கட்டணத்தை, அதனிடம் மின்சாரம் வாங்கும் நிறுவனங்களிடம் திரும்பப் பெறலாம். வாங்கும் நிறுவனங்கள் அதைத் தங்கள் செலவில் சேர்க்கின்றன. கடைசியில் பாரம் மக்கள் தலையில்தான் இறங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாநிலத்தில் 50 லட்சம் மின் இணைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆணையத்துக்கு 1 கோடி ரூபாய் கூடுதல் கட்டணம் போகிறது. ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு 2 ரூபாய்தான் வரும்.

தொகை சிறியது. பலன் பெரிதாக இருக்கலாம். நிறுவனம் காட்டும் பொய்ச் செலவு ஒன்றை ஆணையம் கண்டுபிடித்து நீக்கினால், பல கோடி ரூபாய் மிச்சமாகும். நல்ல கருவி இருந்தால் அந்த வேலை எளிதாகும். ஆனால் பணம் வீணானால்? சிறு தொகையானாலும் அது உழைத்தவர் பணம்தானே!

காவல்காரனுக்கும் கணக்கு உண்டு

நிறுவனத்தின் கணக்கை ஆணையம் பார்க்கிறது. ஆணையத்தின் கணக்கை யார் பார்ப்பது?

2003ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. மாநில ஆணையம் தன் வரவு செலவுத் திட்டத்தை மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். அதன் கணக்குகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்வார். அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படும்.

மக்களுக்கும் உரிமை உண்டு. நிறுவனம் தன் மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். மக்கள் சொல்லும் யோசனைகளையும் மறுப்புகளையும் ஆணையம் கவனிக்க வேண்டும். மனு வந்த 120 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கணினிக்கு எவ்வளவு செலவு? அதனால் மக்களுக்குக் கிடைத்த பலன் என்ன? கணினி இல்லாதவர் தன் கருத்தைச் சொல்ல வழி இருக்கிறதா? மூன்றாவது கேள்வி முக்கியமானது. கணினிக்குப் பணம் தருபவர்களில் கணினி இல்லாத ஏழைகளும் உண்டு. அவர்களுக்குக் கதவு அடைபடக் கூடாது.

செய்தித்தாளில் மின் கட்டண அறிவிப்பு வந்தால் புரட்டிவிடாமல் படிக்க வேண்டும். கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் சேர்ந்து கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். கற்ற எழுத்து கட்டணச் சீட்டைப் படிக்க மட்டும் அல்ல. கணக்குக் கேட்கவும்தான்.