நடு எண்ணைப் பாருங்கள்

டயர் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் அகலத்தைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, 100 வேண்டாம், 130 போட்டு விடுங்க. பின்னாடி பார்த்தா கும்முன்னு இருக்கணும்" என்பார் பல்சர் 150 வைத்திருக்கும் தம்பி. மதுரை புறவழிச்சாலையில் டயர் கடை நடத்துகிறேன். அந்தத் தம்பியை உட்கார வைத்துக் கொஞ்சம் பேசாமல் சக்கரத்தில் கைவைக்க எனக்கு மனம் வராது.

அவர் வண்டியின் பின் டயரில் 100/90-17 என்றிருக்கும். 100 என்பது மில்லிமீட்டரில் அகலம். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். நடுவில் இருக்கும் 90ஐத்தான் யாரும் கவனிப்பதில்லை. அது விழுக்காடு. அகலத்தில் 90 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர், டயரின் பக்கச்சுவர் உயரம். சக்கரத்தின் மொத்த உயரத்தை இந்த நடு எண்ணும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகைக்கு 165/80 ஆர்14, இன்னொன்றுக்கு 185/65 ஆர்15. பார்த்தால் சம்பந்தமே இல்லாத எண்கள். கணக்குப் போட்டால் முதலாவதின் விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், அடுத்தது சுமார் 622. அகலமும் ரிம்மும் கூடியபோது நடு எண்ணைக் குறைத்து உயரத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆல்ட்டோவின் 145/80 ஆர்12ஐக் கழற்றிவிட்டு 155/80 ஆர்12 போடுபவர்கள் இதைச் செய்வதில்லை. சக்கரம் 16 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். ஸ்பீடோமீட்டர் முள் பழைய வேகத்தையே காட்டும், வண்டியோ 3 விழுக்காடு கூடுதலாக ஓடும்.

"அப்போ 130/70-17 சரிதானே அண்ணே? உயரம் ஒத்துப்போகுதே" என்று கேட்கும் கெட்டிக்காரத் தம்பிகளும் உண்டு. உயரம் ஒத்துப்போகிறது, 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ரிம் ஒத்துக்கொள்ளாது. 100 டயருக்கான ரிம்மின் அகலம் ஏறக்குறைய இரண்டரை அங்குலம். 130 டயர் அதில் உட்கார்ந்தால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி புடைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய அகலம் ரோட்டைத் தொடவே தொடாது. நடுப் பட்டன் சீக்கிரம் தேயும். வளைவில் சாய்த்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. இடம் போதாமல் செயினில் உரசினால் உயிருக்கே ஆபத்து. இதை நான் விற்க மாட்டேன், எவ்வளவு கொடுத்தாலும்.

அளவுக்குப் பக்கத்திலேயே 82டி என்பதுபோல இன்னொரு குறி இருக்கும். 82 என்றால் அந்த ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 'டி' என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. புதிய டயரில் இவை கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது. குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஏறும் காருக்கு இது சின்ன விஷயமில்லை.

செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவர்களிடம் நான் தவறாமல் சொல்வது: இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவு சொல்லாதீர்கள். முன்பு வைத்திருந்தவர் என்ன மாற்றினாரோ தெரியாது. காரென்றால் டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் சரியான அளவும் காற்றழுத்தமும் இருக்கும். பைக்கென்றால் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். வண்டியின் பெயரை மட்டும் சொன்னாலும் போதாது. பல்சர் 150லேயே பின்னாலும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்குக் கம்பெனி தந்தது 120/80-17.