சறுக்கவும் வேணும்... வழுக்கவும் கூடாது!

குட்டீஸ்... சின்னசேலம் பக்கம் இருக்கும் கல்வராயன் மலையில், மழை பெய்த மறுநாள் ஏறியது உண்டா? ஈரப்பாறையில் கால் வைத்ததும் சர்ரென்று வழுக்கும். காலை நன்றாக அழுத்தி ஊன்றினால்தான் மேலே போக முடியும், இல்லையா?

அந்த மேடு முழுக்க பனி மூடியிருந்து, காலில் வழவழப்பான நீளப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறச் சொன்னால்?

நார்வே, சுவீடன் போன்ற பனி நாடுகளில் உங்கள் வயது பிள்ளைகள் அப்படித்தான் ஏறுகின்றனர். இந்த விளையாட்டின் பெயர், 'கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்.' அந்தப் பட்டைதான் ஸ்கீ. சறுக்குவதற்காகச் செய்த பட்டை, மேடு ஏறும்போது மட்டும் பின்னால் வழுக்காதது எப்படி? இரண்டு ரகசியங்கள் உண்டு.

முதல் ரகசியம், வளைவு. ஸ்கீயைத் தரையில் வைத்தால், நடுப்பகுதி வில் போல மேலே தூக்கி நிற்கும். இரண்டு கால்களிலும் சமமாக நின்றால், முன்பகுதியும் பின்பகுதியும்தான் பனியில் அழுந்தும், சறுக்கலாம். ஒரு காலில் முழு எடையைப் போட்டு உதைத்தால், நடுப்பகுதி அமுங்கி, பனியைக் கவ்வும், முன்னால் பாயலாம்.

இந்த விறைப்பு, ஆளின் எடைக்குப் பொருந்த வேண்டும். 30 கிலோ தம்பி, 60 கிலோ அண்ணனின் ஸ்கீயை மாட்டினால், எவ்வளவு உதைத்தாலும் நடுப்பகுதி அமுங்காது, பின்னால் வழுக்குவான். தம்பியின் ஸ்கீயை அண்ணன் மாட்டினால், நடுப்பகுதி எப்போதும் பனியில் உரசும், வேகமே வராது.

பொருத்தம் பார்க்க ஒரு துண்டு காகிதம் போதும்! சமதரையில் ஸ்கீ மீது நின்று, பாதத்துக்குக் கீழே காகிதத்தை நுழைப்பர். இரு காலில் நிற்கும்போது அது தாராளமாக நகர வேண்டும். ஒரு காலில் நின்றால் மாட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ரகசியம், நடுப்பகுதியில் மட்டும் பூசும் 'கிக் வாக்ஸ்' என்ற மெழுகு. உதைக்கும்போது பனித்துகளின் முனைகள் இதில் குத்தி நிற்கும்; எடையை எடுத்ததும் விட்டுவிடும். கடுங்குளிரில் துகள்கள் கூராக இருக்கும். கெட்டி மெழுகு பூசுவர். வெப்பம், 0 டிகிரியை நெருங்கினால் முனைகள் மழுங்கிவிடும். மென்மையான மெழுகு வேண்டும். இடம் மாறினால் தொல்லைதான். மென்மையான மெழுகைக் கடுங்குளிரில் பூசினால், பனி அப்பிக்கொண்டு ஸ்கீ நகராது!

ரஷ்யாவின் சோச்சி நகரில், 2014ல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், இந்த விளையாட்டின் புலியான நார்வே, ஆண்கள் தொடர் ஓட்டத்தில் 4வது இடமே பிடித்தது. ஸ்கீக்கும் மெழுகுக்கும் பொருத்தம் அமையாததுதான் அன்று பெரிய பேச்சு!

'பனியே பெய்யாத ஊர்க்காரர்களுக்கு இது எதற்கு?' என்கிறீர்களா... கர்நாடகாவின் குடகைச் சேர்ந்த பவானி, 2025ல் சிலி நாட்டில் நடந்த சர்வதேச 5 கி.மீ., போட்டியில் வெண்கலம் வென்றார். அது, 'ஸ்கேட்டிங்' பாணி. கிக் வாக்ஸ் தேவையில்லை. ஆனால், எடைக்கேற்ற விறைப்பு அதற்கும் வேண்டும்.

அண்ணன் சைக்கிளில் கால் எட்டாமல் விழுந்தால், 'எனக்கு வராது' என்று ஒதுங்கிவிடாதீர்கள் குட்டீஸ். குறை உங்களிடம் இல்லை, பொருத்தத்தில்தான்!